எச்.பி. அடாப்டர் வேறு, எச்.பி.க்கு அடாப்டர் வேறு

வீட்டிற்குக் கம்ப்யூட்டர் வந்து ஒரு வருடம் ஆனால் போதும், பரண் மேல் ஒரு அட்டைப் பெட்டி சேர்ந்துவிடும். பழைய லேப்டாப்பின் அடாப்டர், இரண்டு மூன்று பென் டிரைவ்கள், விற்றுவிட்ட பிரிண்டரின் பிரிக்காத டோனர், யாரோ பரிசாகக் கொடுத்த ஹெட்செட். தூக்கிப் போட மனம் வராது. ஓ.எல்.எக்ஸ்., பேஸ்புக் மார்க்கெட்பிளேஸ், இல்லாவிட்டால் அப்பார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப் என்று எங்காவது போட்டால் நாலு காசு வரும். செல்போனில் ஒரு போட்டோ, ஒரு தலைப்பு, ஒரு விலை. பத்து நிமிட வேலை.

இதில் தலைப்பு எழுதும் ஒரு நிமிடத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். ஏமாற்ற வேண்டும் என்று நினைத்து எழுதுபவர்களைப் பற்றி நான் சொல்ல வரவில்லை. அவர்கள் இந்தக் கட்டுரையைப் படிக்கப் போவதும் இல்லை. நல்லவர்களே, பேச்சு வழக்கில் சொல்வதை அப்படியே டைப் செய்து, தெரியாமல் பொய் எழுதிவிடுகிறார்கள். எப்படி என்று பார்ப்போம்.

சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் போய் "எச்.பி. அடாப்டர் இருக்கா?" என்று கேளுங்கள். கடைக்காரர் உடனே எடுத்துத் தரமாட்டார். "ஒரிஜினலா, கம்பேட்டிபிளா?" என்று திருப்பிக் கேட்பார். நீங்கள் சொன்னதற்கு இரண்டு அர்த்தம் உண்டு என்பது அவருக்குத் தெரியும். எச்.பி. கம்பெனி தயாரித்த அடாப்டர் என்பது ஒன்று. எச்.பி. லேப்டாப்புக்குப் பொருந்துகிற, வேறு யாரோ தயாரித்த அடாப்டர் என்பது இன்னொன்று. விலை இரண்டு மூன்று மடங்கு வித்தியாசப்படும். நேரில் அந்த இரண்டாவது கேள்வி இருக்கிறது. இண்டர்நெட்டில் இல்லை. திருநெல்வேலியில் இருப்பவர் உங்கள் தலைப்பைப் படிக்கிறார், போட்டோவைப் பார்க்கிறார், பணம் அனுப்புகிறார். பொருளைத் தொட்டுப் பார்க்க முடியாத அவருக்கு நீங்கள் எழுதிய வார்த்தைதான் பொருள்.

தமிழில் இந்தச் சிக்கலுக்கு வழி இருக்கிறது, வேற்றுமை உருபு என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதுதான். "எச்.பி. அடாப்டர்" என்று எழுதாமல் "எச்.பி. லேப்டாப்புக்குப் பொருந்தும் அடாப்டர்" என்று ஒரு 'கு' சேர்த்து எழுதிவிட்டால் தயாரித்தவர் வேறு, பயன்படும் இடம் வேறு என்று ஆகிவிடும்.

"வேறு கம்பெனிப் பொருளை விற்கும்போது எச்.பி. என்ற பெயரையே எழுதக்கூடாதாமே, கேஸ் போடுவார்களாமே" என்று சிலர் பயப்படுகிறார்கள். அது சரியல்ல. 1999-ம் வருட வணிகக் குறிகள் சட்டத்தின் 30-வது பிரிவு இதற்கு இடம் தருகிறது. ஒரு பொருள் இன்னொரு பொருளுக்கு உதிரி பாகமாகவோ துணைப் பொருளாகவோ பொருந்தும் என்று சொல்வதற்குத் தேவையான அளவு, அந்த இன்னொரு பொருளின் பிராண்ட் பெயரைப் பயன்படுத்தலாம். எழுதுகிற விதத்தில் அந்தக் கம்பெனிக்கும் இந்தப் பொருளுக்கும் தொடர்பு இருப்பது போலத் தோன்றக்கூடாது, அவ்வளவுதான். அதனால் பெயரை எழுதுங்கள். லோகோவைப் போடாதீர்கள், லோகோ இல்லாமலேயே எந்த மாடலுக்குப் பொருந்தும் என்று சொல்லிவிட முடியும்.

எங்கள் துறைக்காரர்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு சங்கதியையும் இங்கே சொல்லிவிடுகிறேன். விளம்பரம் போடும் படிவத்தில் 'பிராண்ட்' என்று ஒரு கட்டம் வரும். கீழே இழுத்தால் எச்.பி., டெல், லெனோவோ என்று பட்டியல் விரியும். கம்பேட்டிபிள் அடாப்டர் விற்பவர் தலைப்பைச் சரியாக எழுதிவிட்டு, இந்தக் கட்டத்தில் எச்.பி.யைக் கிளிக் செய்துவிடுவார். தேடுபவர் 'எச்.பி. மட்டும் காட்டு' என்று பில்டர் போட்டால், அந்தக் கட்டத்தைத்தான் கம்ப்யூட்டர் பார்க்கும். உங்கள் தலைப்பைப் பார்க்காது. உங்கள் பொருள் ஒரிஜினல்களோடு வரிசையில் நிற்கும். ஒரு எழுத்தும் தவறாக எழுதாமல் தவறான தகவல் போய்விட்டது. 'அதர்ஸ்', 'அன்பிராண்டட்', 'ஜெனரிக்' என்று எது இருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுங்கள்.

இந்த 'கு' விட்டுப் போனால் என்ன ஆகும்? மதுரையில் என் அத்தை ஒருவர் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்கு டியூஷன் எடுக்கிறார். அவருடைய டெல் லேப்டாப்பின் அடாப்டர் பழுதாகிவிட, தனி நபர் ஒருவர் போட்டிருந்த விளம்பரத்தைப் பார்த்து 900 ரூபாய்க்கு ஒன்று வாங்கினார். தலைப்பில் 'டெல் 65 வாட் அடாப்டர்' என்று இருந்தது. செருகினால் லேப்டாப் ஓடுகிறது. ஆனால் ஆன் செய்யும்போதே அடாப்டர் வகையைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று ஒரு செய்தி வருகிறது. பேட்டரி சார்ஜ் ஏறவில்லை. மின்வெட்டு வந்ததும் வகுப்பு அறுந்துவிட்டது. விற்றவரிடம் கேட்டதற்கு, "டெல்லுக்குப் போடுற அடாப்டர்தானேம்மா, அதனால டெல்னு போட்டேன்" என்றாராம். அவர் பொய் சொல்லவில்லை. பாதிப் பணத்தைத் திருப்பியும் கொடுத்தார். ஆனால் பத்துப் பிள்ளைகளின் ஒரு வாரப் பாடம் போனது போனதுதான்.

பல டெல் லேப்டாப்களில் அடாப்டரின் பின் நடுவில் ஒரு மெல்லிய ஊசி இருக்கும். மின்சாரத்தோடு கூட, "நான் இன்ன அடாப்டர், இத்தனை வாட்" என்ற தகவலும் அதன் வழியாக லேப்டாப்புக்குப் போகும். அடாப்டருக்குள் இருக்கும் ஒரு சின்ன சிப் இந்த வேலையைச் செய்கிறது. விலை மலிவான சில கம்பேட்டிபிள் அடாப்டர்களில் அந்த சிப் இருக்காது, அல்லது சரியாக வேலை செய்யாது. லேப்டாப் சந்தேகப்பட்டு, பேட்டரியை சார்ஜ் செய்ய மறுத்துவிடும். அதே சமயம் நன்றாகத் தயாரித்த கம்பேட்டிபிள் அடாப்டர்களும் இருக்கின்றன. அவற்றை விற்பதில் ஒரு வெட்கமும் இல்லை. வாங்குபவர் தெரிந்து வாங்க வேண்டும், அதுதான் விஷயம்.

ஆகவே அடாப்டர் விற்கும்போது அதன் அடியில் உள்ள லேபிளைப் பார்த்து வோல்ட், ஆம்பியர், வாட் மூன்றையும் எழுதுங்கள். 19.5 வோல்ட், 3.33 ஆம்பியர் என்றால் பெருக்கினால் 65 வாட். பின் எப்படி என்பதையும் எழுதுங்கள். எச்.பி.யிலேயே பழைய பெரிய பின் 7.4 மி.மீ., பின்னால் வந்த நீல நிறச் சிறிய பின் 4.5 மி.மீ.; ஒன்று இன்னொன்றில் நுழையாது. லேபிளில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். லேப்டாப் அடாப்டருக்கு அங்கே பதிவு கட்டாயம். 'ஆர்' என்ற எழுத்துக்குப் பிறகு 8 இலக்க எண் இருக்கும். அந்த அமைவனத்தின் 'பி.ஐ.எஸ். கேர்' என்ற இலவச ஆப்பில் எண்ணைக் கொடுத்தால் எந்தத் தொழிற்சாலை, எந்த பிராண்ட், பதிவு நடப்பில் உள்ளதா என்று காட்டும். லேபிளில் ஒரு பெயர், ஆப்பில் வேறு பெயர் என்றால் அந்த அடாப்டரை விற்க நினைக்க வேண்டாம். நெருப்போடு விளையாடுகிற சமாச்சாரம் அது.

உண்மையை எழுதினாலும் விற்கக்கூடாதவை

ஒரிஜினல் என்பது பிராண்டுக்காரர் தயாரித்தது. கம்பேட்டிபிள் என்பது இன்னொருவர் தன் சொந்தப் பெயரில் தயாரித்தது. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. இன்னொருவர் தயாரித்து, பிராண்டுக்காரரின் பெயரையும் லோகோவையும் அச்சடித்து விற்பது. போலி என்பது இதுதான். கடைவீதியில் இதற்கு நல்ல நல்ல பெயர்கள் வைத்திருக்கிறார்கள்: பர்ஸ்ட் காப்பி, மாஸ்டர் காப்பி, 7ஏ குவாலிட்டி, 'ஒரிஜினல் மாதிரியே'. ஹெட்போன்களிலும் ஸ்மார்ட் வாட்ச்களிலும் இந்தப் பெயர்கள் மிக அதிகம்.

"நான்தான் பர்ஸ்ட் காப்பி என்று தெளிவாகவே எழுதிவிட்டேனே, அதில் என்ன ஏமாற்று?" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. அதே 1999 சட்டத்தின் 104-வது பிரிவுப்படி, பொய்யான வணிகக் குறி உள்ள பொருளை விற்பதும், விற்பனைக்கு வைப்பதும் குற்றம். குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 3 வருடம் சிறை. 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். இந்தப் பிரிவில் தப்பிக்க ஒரு வழி இருக்கிறது. எச்சரிக்கையாகத்தான் நடந்துகொண்டேன், சந்தேகப்படக் காரணமே இல்லை, கேட்டபோது யாரிடம் வாங்கினேன் என்றும் சொன்னேன் என்று நிரூபிக்க வேண்டும். 'பர்ஸ்ட் காப்பி' என்று உங்கள் கையாலேயே டைப் செய்திருந்தால் அந்தக் கதவை நீங்களே சாத்திவிட்டீர்கள். விளம்பரம் வாக்குமூலம் ஆகிவிடுகிறது.

சட்டத்தை விடுங்கள். இதில் எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. நீங்கள் உண்மை சொல்லி விற்றதை வாங்கியவர் நாளைக்கு இன்னொருவருக்கு விற்பார். பொருளில் லோகோ ஒட்டிக்கொண்டே இருக்கும். நீங்கள் எழுதிய விளக்கம் ஒட்டிக்கொண்டு போகாது.

இதை மிகத் தெளிவாகக் காட்டுவது பென் டிரைவ்தான். 64 ஜி.பி. என்று எழுதிய போலி பென் டிரைவுக்குள் 8 ஜி.பி. சிப்தான் இருக்கும். அதைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரின் புரோகிராமை மாற்றி, கம்ப்யூட்டர் கேட்டால் '64' என்று பதில் சொல்ல வைத்திருப்பார்கள். நீங்கள் போட்டோக்களை காப்பி செய்கிறீர்கள்; 8 ஜி.பி. வரை சரியாகப் போகும். அதற்கு மேல் போவது பழையதன் மேலேயே எழுதப்படும், அல்லது எங்கும் எழுதப்படாமல் காணாமல் போகும். ஆனால் பைல்களின் பெயர்ப் பட்டியல் டிரைவின் தொடக்கத்திலேயே இருப்பதால், திறந்து பார்த்தால் எல்லாப் பெயரும் வரிசையாகத் தெரியும். ஒரு மாதம் கழித்து கல்யாணப் போட்டோவை டபுள் கிளிக் செய்யும்போதுதான் விஷயம் தெரிய வரும். அதற்குள் கேமரா கார்டை அழித்திருப்பார்கள்.

உங்களிடம் உள்ள பென் டிரைவை விற்கும் முன் சோதித்துவிடுங்கள். 'எச்2டெஸ்ட்டபிள்யூ' என்று ஒரு இலவச சாப்ட்வேர் இருக்கிறது, ஜெர்மனியிலிருந்து வந்தது. அளவு மிகச் சிறியது, இன்ஸ்டால் செய்யவும் வேண்டாம். பென் டிரைவில் உள்ளதை எல்லாம் வேறு இடத்திற்கு மாற்றிக் காலி செய்துகொள்ளுங்கள். சாப்ட்வேரைத் திறந்து மொழியில் இங்கிலீஷைத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் ஜெர்மனில் பேசும். உங்கள் டிரைவைக் காட்டி, எழுதிச் சரிபார்க்கும் பட்டனைக் கிளிக் செய்யுங்கள். டிரைவ் முழுவதும் எழுதி, மறுபடி படித்துப் பார்க்கும். 64 ஜி.பி.க்கு இரண்டு மூன்று மணி நேரம்கூட ஆகலாம். கிளிக் செய்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுங்கள். பிழை இல்லாமல் முடிந்தது என்று வந்தால் நல்ல டிரைவ். இத்தனை ஜி.பி. சரி, மீதி 'டேட்டா லாஸ்ட்' என்று வந்தால் அது போலி, அல்லது கெட்டுப் போனது.

ஒரு சந்தேகம் வரும். நல்ல 64 ஜி.பி. டிரைவைச் செருகினாலும் விண்டோஸ் 59.6 அல்லது அதற்கும் கொஞ்சம் குறைவாகத்தான் காட்டும். அது மோசடி அல்ல. தயாரிப்பாளர் ஒரு ஜி.பி. என்பதை 100 கோடி பைட் என்று கணக்கிடுகிறார். விண்டோஸ் 1024-ஐ மூன்று முறை பெருக்கி வரும் எண்ணால் வகுக்கிறது. 32 ஜி.பி. டிரைவ் 29.8 ஆகவும், 1 டி.பி. ஹார்டு டிஸ்க் 931 ஜி.பி. ஆகவும் தெரிவது இதனால்தான். விளம்பரத்தில் 64 என்றே எழுதலாம். 'விண்டோஸில் 59 என்று காட்டும்' என்று ஒரு வரி சேர்த்தால் வாங்கியவர் இரவில் போன் செய்யமாட்டார்.

சோதனையில் தோற்ற டிரைவை என்ன செய்வது? '8 ஜி.பி. மட்டும்' என்று எழுதி விற்கலாமா? கூடாது. நீங்கள் உண்மையை எழுதினாலும் அந்த டிரைவ் அதை வாங்கியவரின் கம்ப்யூட்டரிடம் பொய்தான் சொல்லும். இரண்டாக உடைத்து மின்னணுக் குப்பையில் சேருங்கள்.

மற்றப் பொருட்கள்

டோனர், கார்ட்ரிட்ஜ் விற்பவர்களுக்கு ஒரே ஒரு கேள்விதான்: யார் தயாரித்தது, யார் நிரப்பியது? எச்.பி. லேசர்ஜெட் 1020 பிரிண்டர் இன்னும் எத்தனையோ ஜெராக்ஸ் கடைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கான 12ஏ டோனரில் எச்.பி.யே தயாரித்தது உண்டு, வேறு கம்பெனி தன் பெயரில் தயாரித்த கம்பேட்டிபிள் உண்டு, எச்.பி.யின் காலி டோனரில் வெளியே பவுடர் நிரப்பிய ரீபில் உண்டு. மூன்றாவதில்தான் குழப்பம். வெளிக்கூடு எச்.பி., உள்ளே இருக்கும் பவுடர் எச்.பி. அல்ல. அதை 'ரீபில் செய்தது' என்றே எழுத வேண்டும். ஒரிஜினல் பெட்டியில் போட்டுக் கொடுக்கக் கூடாது. காலி டோனரையும் அதன் பெட்டியையும் சேர்த்து விலைக்குக் கேட்டு வருபவர்களிடம் ஜாக்கிரதை. பெட்டியைக் கிழித்துவிட்டே கொடுங்கள். கிழித்த பெட்டி வேண்டாம் என்று அவர் போய்விட்டால் அவருக்கு எது தேவைப்பட்டது என்று புரிந்துவிடும்.

பழைய லேப்டாப்புக்கு வருவோம். 'ஐ5, 8 ஜி.பி. ராம், குட் கண்டிஷன்' என்று மூன்று சொல்லில் முடிக்கும் விளம்பரங்களைப் பார்க்கிறோம். ஐ5 என்றால் எந்தத் தலைமுறை? முதல் ஐ5 பிராசசர் வந்தது 2009-ல். அதற்கும் பத்து வருடம் கழித்து வந்ததற்கும் பெயர் ஒன்று, வேகம் வேறு. ஸ்டார்ட் பட்டனை வலது கிளிக் செய்து 'சிஸ்டம்' என்பதைத் திறந்தால் பிராசசரின் முழு எண் இருக்கும். பார்த்து அப்படியே எழுதுங்கள். ராம், ஹார்டு டிஸ்க் மாற்றியிருந்தால் எந்த வருடம், யாருடையது என்று சொல்லுங்கள். பேட்டரிக்கு 'பேட்டரி இன்போ வியூ' என்ற இலவச சாப்ட்வேரைப் போட்டால், புதிதாக இருந்தபோது கொள்ளளவு எவ்வளவு, இப்போது முழுதாக சார்ஜ் ஏறினால் எவ்வளவு என்று இரண்டு எண்களைத் தரும். 'பேட்டரி நன்றாக இருக்கிறது' என்பதற்குப் பதில் அந்த இரண்டு எண்களை எழுதிப் பாருங்கள், பேரம் பேசுவது பாதியாகக் குறையும். ஹார்டு டிஸ்க்குக்கு 'கிரிஸ்டல் டிஸ்க் இன்போ'. எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று அதில் தெரியும். இந்த மணிக்கணக்கையும் திருத்த முடியும். 2025 தொடக்கத்தில் பல்லாயிரம் மணி நேரம் ஓடிய சீகேட் ஹார்டு டிஸ்க்குகளின் கணக்கைப் பூஜ்யமாக்கி யாரோ புதிது என்று சந்தையில் விட்டிருந்ததை ஜெர்மன் பத்திரிகைக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். கம்பெனி தனியாக வைத்திருக்கும் இன்னொரு பதிவேடுதான் காட்டிக் கொடுத்தது.

'ரீபர்பிஷ்டு' என்ற சொல்லை வீட்டிலிருந்து விற்பவர்கள் தொடாமல் இருப்பது நல்லது. பழுது பார்த்து, பாகங்களைச் சோதித்து, பொறுப்பேற்று விற்பதற்கான சொல் அது. துணியால் துடைத்து விண்டோஸைப் புதிதாகப் போட்டால் அது 'பயன்படுத்தியது'தான். 'சீல் பேக்' என்றால் கம்பெனி சீல் உடையாதது. பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டு உபயோகிக்காமல் வைத்திருந்தால் 'பிரித்தது, பயன்படுத்தவில்லை' என்று தமிழிலேயே எழுதலாமே. லைசென்ஸ் இல்லாத ஆபீஸ், போட்டோஷாப் எல்லாம் போட்டு 'எல்லா சாப்ட்வேரும் இலவசம்' என்று விற்பவர்கள் பொருளோடு திருட்டையும் சேர்த்து விற்கிறார்கள். அழித்துவிட்டுக் கொடுங்கள்.

அமெரிக்காவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ உறவினர் கொண்டு வந்த பொருள் என்றால்? அது ஒரிஜினல்தான், ஆனால் இந்திய வாரண்டி இல்லாமல் இருக்கலாம். இந்த விஷயத்தில் ஒரு பிரபலமான வழக்கு உண்டு. வெளிநாட்டுச் சந்தையிலிருந்து ஒரிஜினல் சாம்சங் பிரிண்டர்களை இறக்குமதி செய்து விற்றவர்கள் மீது சாம்சங் வழக்குப் போட்டது. 2012-ல் டில்லி உயர்நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் அமர்வு, விற்கலாம் என்று சொல்லி ஒரு நிபந்தனை விதித்தது. இவை இறக்குமதி செய்யப்பட்டவை, இவற்றுக்கு சாம்சங் வாரண்டி தராது என்று வாங்குபவர் கண்ணில் படும்படி எழுதி வைக்க வேண்டும் என்பதே அது. தடையாக வந்த வழக்கை ஒரு அறிவிப்புப் பலகை தீர்த்து வைத்தது என்று சொல்லலாம். நீங்களும் 'வாங்கிய நாடு, வாரண்டி எங்கே செல்லும்' என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். எந்த நாட்டு பிளக், அடாப்டர் 220 வோல்ட்டை ஏற்குமா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி ஒரு விளம்பரத்தை எடுத்துத் திருத்திப் பார்ப்போம். இப்படி ஒன்று:

"எச்.பி. டோனர் 12ஏ, ஒரிஜினல் குவாலிட்டி, பிராண்ட் நியூ, சாம்சங், பிரதர், பாதி விலை, சீக்கிரம்!"

'ஒரிஜினல் குவாலிட்டி' என்ற சொற்கள் ஒரிஜினல் அல்ல என்பதை மறைப்பதற்கென்றே பிறந்தவை. சாம்சங், பிரதர் எல்லாம் தேடலில் சிக்குவதற்குப் போட்ட தூண்டில். பொருந்தாத பிரிண்டரின் பெயரைப் போட்டால், அதை வைத்திருப்பவர் வந்து ஏமாந்து போவார். 'பாதி விலை' என்றால் எதில் பாதி? எச்.பி. விலையில் பாதி என்றால், எச்.பி.யோடு ஒப்பிட இந்தப் பொருளுக்கு உரிமை இல்லை. திருத்தினால் இப்படி வரும்:

"எச்.பி. லேசர்ஜெட் 1020 பிரிண்டருக்குப் பொருந்தும் 12ஏ டோனர். எச்.பி. தயாரிப்பு அல்ல, தயாரித்தவர் பெயர் பெட்டியில் உள்ளது, போட்டோ 2 பார்க்கவும். சீல் பிரிக்கவில்லை. 2 வருடத்திற்கு முன் வாங்கியது, பில் இருக்கிறது. பிரிண்டரை விற்றுவிட்டதால் விற்கிறேன். ஓடவில்லை என்றால் 7 நாளில் பணம் திருப்பித் தருகிறேன்."

கவர்ச்சி குறைவுதான். ஆனால் இதைப் படித்துவிட்டு வருபவர் 1020 பிரிண்டர் வைத்திருப்பவர், கம்பேட்டிபிள் என்று தெரிந்து வருபவர். அவரோடு பேச வேண்டியது விலை மட்டும்தான்.

போட்டோவும் வார்த்தை மாதிரிதான். கம்பெனி வெப்சைட்டிலிருந்து பளபளப்பான படத்தை எடுத்துப் போடாதீர்கள். உங்கள் மேசையில் உள்ள பொருளை எடுங்கள். மூன்று படங்கள் அவசியம்: முழுப் பொருள், லேபிள், கீறல் அல்லது உடைந்த இடம். சீரியல் நம்பரில் கடைசி நாலு எண்களைக் கட்டை விரலால் மறைத்துக்கொள்ளுங்கள். முழு எண்ணையும் போட்டால் அதை வைத்து வேறு யாராவது வாரண்டி கேட்கக்கூடும்.

ஒரிஜினலா இல்லையா என்று உங்களுக்கே தெரியாத பொருளும் இருக்கும். பரிசாக வந்த ஹெட்செட், யாரோ கொடுத்த மவுஸ். முதலில் கம்பெனி வெப்சைட்டில் சீரியல் நம்பரைப் போட்டுப் பாருங்கள், பல கம்பெனிகளில் அந்த வசதி உண்டு. அச்சு மங்கல், எழுத்துப் பிழை, நம்ப முடியாத மலிவு விலை என்று ஏதாவது இடறினால் விற்காதீர்கள். 'ஒரிஜினலா தெரியாது' என்று எழுதி பிராண்ட் பெயரைத் தலைப்பில் பெரிதாகப் போடுவதும் ஒரு தந்திரம்தான். சந்தேகத்தை மட்டும் வாங்குபவர் தலையில் கட்டுகிறீர்கள்.

எப்போதாவது வீட்டுப் பொருளை விற்கும் தனி நபருக்கு 2020-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின் வணிக விதிகள் பொருந்தாது. ஆனால் மாதா மாதம் பத்து அடாப்டர் வாங்கி விற்க ஆரம்பித்தால் நீங்கள் வியாபாரி. அப்போது விளம்பரமும் பொருளும் ஒத்திருக்க வேண்டும். சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்ப வாங்க மறுக்க முடியாது. வாங்குபவர் போல நீங்களே 'சூப்பர்' என்று விமர்சனம் எழுதிக்கொள்வதும் தடை. தெரிந்தே ஏமாற்றினால் தனி நபர், வியாபாரி என்ற பேதம் இல்லை. ஏமாற்றுக்காரரை '420' என்று திட்டுவோமே, அந்தப் பழைய பிரிவின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4) வந்திருக்கிறது. 'முந்நூற்றுப் பதினெட்டு' என்று யாரும் இன்னும் திட்ட ஆரம்பிக்கவில்லை.

விளம்பரம் போட்ட பத்தாவது நிமிடத்தில் 'ஒரிஜினல்தானே சார்?' என்று ஒரு மெசேஜ் வரும். விளம்பரத்தில் தெளிவாக எழுதியிருந்தாலும் வரும். எரிச்சல்படாமல், போனில் சொல்லாமல், மெசேஜிலேயே பதில் எழுதுங்கள்: 'இல்லை, டெல் லேப்டாப்புக்குப் பொருந்தும் கம்பேட்டிபிள் அடாப்டர். எந்த மாடலுக்கு வேண்டும்?' அவர் மாடலைச் சொன்னதும் பொருந்துமா என்று பார்த்துச் சொல்லுங்கள். நேரில் வந்தால் அவருடைய லேப்டாப்பையே கொண்டு வரச் சொல்லி, செருகி, சார்ஜ் ஏறுகிறதா என்று அவர் கண் முன்னால் காட்டுங்கள். ஒரு வெள்ளைத்தாளில் பொருள், தயாரித்தவர் பெயர், சீரியல் நம்பர், விலை, தேதி எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொரு போட்டோ எடுத்துக்கொண்டால் போதும்.